இங்கே யாரும் குடியில்லை

அந்த ஊரில் புதிதாக எழும்பிய கட்டடங்களில் முதலில் குடிவந்தது யார் என்று கேட்டால், அவற்றை விலைக்கு வாங்கியவர்களைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். சுத்தப் பொய். முதலில் குடிவந்தவர் வாட்ச்மேன். சுவர் பூசுமுன், ஜன்னல் வைக்குமுன், தரை போடுமுன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து அடுப்பு மூட்டியவர் அவர். வீடு பார்க்க வீடு மாதிரி ஆகிற நாளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, அடுத்த பள்ளம் தோண்டுகிற இடத்துக்குப் போய்விடுவார். பதினெட்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. மகள் பிறந்தது, தவழ்ந்தது, எழுத்துக் கூட்டிப் படித்தது எல்லாமே யார் யாருக்கோ படுக்கையறையாகவும் குளியலறையாகவும் ஆகப்போகிற இடங்களில்தான்.

இப்போது இருப்பது நாலு மாடிக் கட்டடம். அதில் தரைத்தளத்தில் பின்பக்கமாக ஜெனரேட்டர் வைப்பதற்கென்று ஒரு அறை. கதவு கிடையாது, தார்ப்பாய்தான் கதவு. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் சுருட்டிய மெத்தை, கம்பி வளைக்கிறவர்கள் விட்டுப்போன கம்பியில் துணிக்கொடி. இரண்டு சிமெண்ட் மூட்டை மேல் ஒரு பலகையைப் போட்டால் அது மகளுக்கு மேஜை. மனைவி பகலில் அதே சைட்டில் கல் சுமப்பாள், சாந்து கலப்பாள். வாய் நீளம். கொத்தனாரே அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டதில்லை.

மகளுக்கு சைட்டில் ஜட்ஜம்மா என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் சீட்டாட்டத்தில் தகராறு வந்தாலும், யார் எத்தனை சாந்துச் சட்டி சுமந்தார்கள் என்று சண்டை வந்தாலும் அவளிடம்தான் பஞ்சாயத்து போகும். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொல்வாள். இரண்டு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் அந்த ஜட்ஜம்மா ஊரிலேயே முதலாவதாக வந்துவிட்டாள். வாட்ச்மேனுக்குச் சந்தோஷத்தில் இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை. மூன்றாவது நாள்தான், காலேஜுக்குக் கட்ட எதுவுமில்லை என்பது உறைத்தது.

இந்த இடத்தில் ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். கட்டி முடிக்காத கட்டடத்தில் ஆள் குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். காவலுக்கு ஆள் இல்லாமல் கட்டடம் கட்ட முடியாது என்பது நடைமுறை. இரண்டுக்கும் நடுவில் இந்தக் குடும்பம் இருந்தது, ஆனால் இல்லை. நகராட்சியிலிருந்து யாராவது வந்தாலும், வீடு வாங்குகிற ஆசாமிகள் காரில் வந்து இறங்கினாலும், இவர்கள் இருக்கிற சுவடே தெரியக் கூடாது. தெருமுனையில் கார் திரும்புகிற சத்தம் கேட்டதும் மனைவி ஒரே ஒரு குரல் கொடுப்பாள். "சுருட்டு!" அவ்வளவுதான். தார்ப்பாய் இறங்கும், கொடி அவிழும், அடுப்பும் பாத்திரமும் மெத்தையும் சிமெண்ட் மூட்டை அடுக்குக்குப் பின்னால் போகும், தரை ஒரு கூட்டு கூட்டப்படும். தாயும் மகளும் மூட்டைக்குப் பின்னால் குந்திக்கொள்வார்கள். கார் கேட்டுக்கு வரும்போது வாட்ச்மேன் மட்டும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்பார்.

"இங்க யாராவது குடியிருக்காங்களா?" என்று கேட்பார்கள்.

"யாரும் இல்லீங்க. நான் காவலுக்கு வந்துட்டுப் போறவன்," என்பார்.

இந்தப் பதிலை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மகள் 'அப்பா' என்று சொல்லப் பழகினபோதே, கார் சத்தம் கேட்டால் வாயைப் பொத்திக்கொள்ளவும் பழகிவிட்டாள். சைட் இன்ஜினியர் மற்ற வாட்ச்மேன்களிடம் இவர்களை உதாரணம் காட்டுவார். "அண்ணன் குடும்பத்தைப் பாருங்க, இருக்கிறதே தெரியாது," என்பார். அதைக் கேட்டு வாட்ச்மேனுக்குப் பெருமையாகக்கூட இருக்கும். என்ன பெருமையோ போங்கள்!

மகள் சும்மா இருக்கவில்லை. எங்கெங்கே உதவித்தொகை தருகிறார்களோ அங்கெல்லாம் விண்ணப்பம் போட்டாள். ஒரு பெரிய அறக்கட்டளை கம்ப்யூட்டரில் மட்டும்தான் விண்ணப்பம் வாங்கும். தெருக்கோடி கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்தாள். கதவு எண் போடாமல் அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேன் என்று அது முரண்டு பிடித்தது. கடைக்காரர் தன் கடை எண்ணைப் போட்டுக்கொடுத்தார். பிறகு அது பொய் விலாசம் என்று கண்டுபிடித்துத் தள்ளிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத் தேர்வு வரைக்கும் போனாள். "தலைமைப் பொறுப்பு ஏதாவது வகித்த அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். சீட்டாட்டத்துக்குத் தீர்ப்புச் சொன்னதைச் சொன்னாளாம். பிரியமாகச் சிரித்தார்களாம். நீச்சல் குழுவுக்குத் தலைவியாக இருந்த ஒரு பெண்ணுக்கு அது போய்விட்டது. மூன்றாவது இடத்திலிருந்து பதிலே இல்லை, கிணற்றில் போட்ட கல்தான்.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. நகராட்சி தன் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த உதவித்தொகை. வருஷத்துக்கு ஒரே ஒரு பிள்ளைக்கு, படிப்பு முடிகிற வரைக்கும் முழுச் செலவும். மதிப்பெண்ணில் முதலாவதாக இருக்க வேண்டும், இருந்தாள். ஐந்து வருஷமாக ஊரில் படித்திருக்க வேண்டும், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கடைசியாக, இப்போதும் ஊர் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல ஆபீசர் ஒருவர் நேரில் வருவார். அவர் 'ஆமாம்' என்று எழுதிவிட்டால் தொகை இவளுக்கு. 'இல்லை' என்று எழுதினால் இரண்டாவதாக இருக்கிற பிள்ளைக்கு.

"அவ்ளோதானா? வந்து பாக்கட்டுமே. நாமதான் இருக்கோமே!" என்றார் வாட்ச்மேன்.

இருந்தார்கள், சரி. ஆபீசர் வருகிறார் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினார்கள். மனைவி தார்ப்பாயைத் துவைத்தாள். தார்ப்பாயை யாராவது துவைப்பார்களா? துவைத்தாள். மகள் புத்தகங்களைப் பலகையில் வரிசையாக நிற்க வைத்தாள். வருகிறவர் உட்கார, கொத்தனாரிடம் கெஞ்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார்கள். தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு பழைய ஸ்கூட்டரில் வருவார் என்று ஏனோ மூன்று பேரும் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார்கள். தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே வாட்ச்மேன் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்.

ஆபீசர் வெள்ளைக் காரில் வந்தார். அவர் தலையெழுத்தா இவர்கள் தலையெழுத்தா தெரியாது, அன்றைக்குப் பார்த்து யாரோ மேலதிகாரி தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். தெருமுனையில் கார் திரும்பியது.

"சுருட்டு!"

பதினெட்டு வருஷப் பழக்கம் ஐயா. யோசித்துச் செய்கிற காரியமா அது? கொதிக்கிற உலையை அப்படியே தூக்கிக்கொண்டு மனைவி மூட்டைக்குப் பின்னால் போனாள். வரிசையாக நின்ற புத்தகங்கள் ஒரே அள்ளில் போயின. பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட விட்டு வைக்கவில்லை. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு, பாத்திர மூடி சத்தம் போடாமல் இருக்க அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். சூடு. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

கேட்டில் இறங்கியவர் வழுக்கைத் தலையர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். சிமெண்ட் தூசி அவருக்கு ஆகாது போல, பேச வாயைத் திறந்தாலே இருமல் வந்தது. யாருக்காக வந்திருக்கிறோம் என்று முதலில் சொல்லக் கூடாது என்பது அவர்கள் ஆபீஸ் விதி. சொன்னால் யாரையாவது பிடித்துவந்து நிறுத்திவிடுவார்களாம்.

"இங்க யாராவது குடியிருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க. நான் காவலுக்கு வந்துட்டுப் போறவன்."

ஆபீசர் எட்டி ஒரு பார்வை பார்த்தார். காலி அறை. ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி நீட்டினார். மணல் லாரி வந்தாலும் ஜல்லி லாரி வந்தாலும் நீட்டிய சீட்டில் கையெழுத்துப் போடுகிற கை அது. போட்டது. ஆபீசர் ஏறியதும் கார் போய்விட்டது.

மகள்தான் முதலில் வெளியே வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"யாருப்பா அது?"

"யாரோ இன்ஸ்பெக்டரு. இருமிக்கிட்டே இருந்தாரு, பாவம். கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு."

"கட்டடம் பாக்க வர்ற இன்ஸ்பெக்டரு எதுக்குப்பா உங்க கையெழுத்த வாங்கணும்?"

வந்துபோனவர் யார் என்று அப்போதுதான் வாட்ச்மேனுக்கு உறைத்தது. தொப்பி விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் தெருவில் ஓடினார். ஐம்பது வயசுக்கு மேல் ஆன மனுஷன், செருப்பு ஒரு பக்கம் போக, "சார்! சார்! நாங்க இருக்கோம் சார்!" என்று கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்து டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கார் எப்போதோ பெரிய சாலையில் கலந்துவிட்டது.

திரும்பி வந்தபோது மகள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருந்தது.

"அடிச்சுடு பாப்பா. என்னைச் செருப்பால அடி," என்றார்.

"உங்கள எதுக்குப்பா அடிக்கணும்? அவர் கேட்டது எனக்கும்தான் கேட்டுச்சு. நானும்தான் வாயைத் தொறக்கல. ஒரு சத்தம் போட்டிருந்தா போதும். மூட்டைக்குப் பின்னாடி எலிக்குஞ்சு மாதிரி குந்தியிருந்தேன்." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். மனைவி யாரையும் திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் நகராட்சி ஆபீசுக்குப் போனார். உதவித்தொகைப் பிரிவில் ஒரு அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

"அதெல்லாம் சரி. யாரும் குடியில்லன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. கையெழுத்தும் நீங்களே போட்டிருக்கீங்க. நான் என்ன பண்ண?"

"பழக்க தோஷத்துல சொல்லிட்டேம்மா. அது பொய்ம்மா."

"அப்போ பொய்யின்னு எழுதிக் குடுங்க. அங்கதான் குடியிருக்கோம், இன்ன காரணத்தால இல்லன்னு சொன்னேன்னு எழுதுங்க. மறுபடி ஒருதரம் வந்து பாப்பாங்க. ஆனா ஒண்ணு, அதுல ஒரு காப்பி கட்டடப் பிரிவுக்குப் போயிடும். அத என்னால நிறுத்த முடியாது. இந்த வாரக் கடைசில பட்டியல் முடிஞ்சிடும். யோசிச்சுச் செய்யுங்க."

யோசித்தார். நடந்து வருகிற வழி முழுக்க யோசித்தார். எழுதிக் கொடுத்தால் கட்டடப் பிரிவு முதலாளியின் சட்டையைப் பிடிக்கும், முதலாளி இன்ஜினியரின் சட்டையைப் பிடிப்பார், இன்ஜினியர் யார் சட்டையைப் பிடிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுதிக் கொடுக்காவிட்டால் மகளும் நாளைக்குச் சட்டி தூக்குவாள். அம்மாவுக்குப் பின்னால், தலையில் துணியைச் சும்மாடு கூட்டி வைத்துக்கொண்டு, ஏணியில் ஏறுவாள். அந்தக் காட்சி கண்ணில் வந்ததும் சாலை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ குடிகாரர் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

மறைத்துச் செய்ய மனசு வரவில்லை. இன்ஜினியரிடம் முதலில் சொல்லிவிட்டார். சின்ன வயசுப் பையன், கெட்டவனில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"அண்ணே, என் வயித்துல அடிக்காதீங்க. மொதலாளி என்னத் தொலைச்சிடுவாரு. ஜட்ஜம்மா கெட்டிக்காரி, அடுத்த வருஷம் வேற எங்கயாவது கெடைக்கும். ஒரு வருஷம்தானே அண்ணே?"

"ஒரு வருஷம்தான்," என்றார் இவரும். ஒரு வருஷம் சட்டி தூக்கிவிட்டுத் திரும்பிப் படிக்கப் போன ஒரு பிள்ளையையும் அவர் இந்தப் பதினெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை.

வீட்டில், அதாவது ஜெனரேட்டர் அறையில், மனைவி வாயைத் திறந்தாள். அப்பாடா என்றிருந்தது.

"என்ன, முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம உக்காந்திருக்கீங்க? எழுதுங்க. நீங்க எழுதலன்னா நான் போறேன். எனக்கு எழுதத் தெரியாது, ஆனா கத்தத் தெரியும்."

"வேண்டாம்மா. எழுதினா வீடு போயிடும்," என்றாள் மகள்.

"எந்த வீடு?" என்றாள் மனைவி.

ஜட்ஜம்மா காகிதத்தை எடுத்தாள். வாட்ச்மேன் சொல்லச் சொல்ல எழுதினாள். 'நாங்கள் இங்கேதான் குடியிருக்கிறோம்' என்ற வரியை இரண்டு தடவை சொன்னார். வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. நகராட்சி அம்மாள் வாங்கிப் படித்துவிட்டு, முத்திரை குத்தி, "நாளன்னிக்குக் காலைல வருவாரு. தயவுசெய்து வீட்ல இருங்க," என்றார்.

வீட்டில் இருக்க வேண்டுமாம்! கட்டடப் பிரிவிலிருந்து முதலாளிக்குப் போன் போக அரை நாள்கூட ஆகவில்லை. மறுநாள் மத்தியானம் ஒரு குட்டி லாரி வந்து நின்றது. அதிலிருந்து புது வாட்ச்மேன் இறங்கினான், பின்னாலேயே அவன் மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை. இன்ஜினியர் முகத்தைக் கொடுத்துப் பேசவில்லை. "சாயங்காலத்துக்குள்ள எடுத்துக்குங்க அண்ணே. மொதலாளி உத்தரவு," என்று செங்கல்லைப் பார்த்துச் சொன்னான்.

"தம்பி, நாளைக்குக் காலைல ஒரு ஆள் வந்து பாத்துட்டுப் போயிடுவாரு. அதுவரைக்கும் மட்டும் விடுங்க தம்பி." வாட்ச்மேன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷத்தில் எந்த இன்ஜினியர் கையையும் அவர் தொட்டதில்லை. அவன் கையை மெதுவாக உருவிக்கொண்டு போய்விட்டான்.

பக்கத்து ஊரில் மனைவியின் தம்பி இருந்தான், அங்கே போயிருக்கலாம். "ஊர் எல்லையத் தாண்டினா எல்லாம் போச்சு. நான் இந்த இடத்த விட்டு நகர மாட்டேன்," என்று சாலையின் எதிர்ப்பக்க நடைபாதையில் மெத்தையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள் அவள். அடுப்பு, பாத்திரம், புத்தகக் கட்டு, வாளி, துடைப்பம், எல்லாம் அவளைச் சுற்றி. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். அன்றைய இரவை எப்படிக் கழித்தார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வயசுக்கு வந்த பெண்ணை நடைபாதையில் படுக்க வைத்த தகப்பனுக்கு எப்படிக் கழியுமோ அப்படிக் கழிந்தது.

காலையில் ஆபீசர் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார். அவர் கேட்டை நெருங்கும்போதே உள்ளே தடதடவென்று ஓசை கேட்டது. பாத்திரம் பாத்திரத்தில் மோதுகிற ஓசை, தார்ப்பாய் இறங்குகிற ஓசை. வாட்ச்மேனுக்குப் புரிந்துவிட்டது. சாலையைக் கடந்து ஓடினார்.

"சார், நான்தான் சார் எழுதிக் குடுத்தது. நேத்து வரைக்கும் இங்கதான் இருந்தோம். எழுதிக் குடுத்ததுக்குத்தான் வெளிய தள்ளிட்டாங்க."

ஆபீசர் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து எரிச்சலோடு பார்த்தார். "அன்னிக்கு யாரும் இல்லன்னு சொன்ன ஆள்தானே நீ?" என்று கேட்டுவிட்டு, கேட்டில் நின்ற புது வாட்ச்மேனைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்ப்பா, இங்க யாராவது குடியிருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க," என்றான் அவன். "நான் காவலுக்கு வந்துட்டுப் போறவன்."

ஒரு எழுத்து மாறவில்லை. தன் வாயிலிருந்து வந்த சொல்லை இன்னொருத்தன் வாயிலிருந்து கேட்பதைவிட மோசமான தண்டனை இருக்க முடியுமா? "பொய் சார்! உள்ள வாங்க சார்!" என்று வாட்ச்மேன் ஆபீசரின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அறை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கரி இல்லை, கந்தல் இல்லை, ஒரு பருக்கை இல்லை. பாவி, நேற்று வந்தவன், தன்னைவிட நன்றாகச் செய்திருக்கிறான். ஆபீசர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல என்னய்யா இருக்கு? ரெண்டு தடவ வந்துட்டேன். ரெண்டு தடவையும் யாரும் இல்லங்கறாங்க. நான் என்னன்னு எழுத?" என்று பேனாவைத் திறந்தார்.

பேனா திறந்ததுதான் தாமதம், வாட்ச்மேனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. மூட்டை அடுக்கு அதோ இருக்கிறது. மேல் மூட்டையைத் தள்ளினால் போதும். அடுப்பும் சட்டியும், குழந்தையை வைத்துக்கொண்டு குந்தியிருக்கிற ஒருத்தியும் தெரிவார்கள். இந்த அறையில் ஆள் வாழ முடியும், வாழ்கிறார்கள், இப்போதும் வாழ்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிடலாம். மகள் காலேஜுக்குப் போய்விடுவாள். புது வாட்ச்மேன் சாயங்காலம் எதிர் நடைபாதைக்கு வந்துவிடுவான். அதற்கென்ன? அவன் யார்? நேற்று வரைக்கும் அவன் முகம்கூடத் தெரியாது. பெற்ற பெண்ணைவிட அவன் பெரிசா?

வாட்ச்மேன் மூட்டையை நோக்கி நடந்தார். புது வாட்ச்மேன் தடுக்கவில்லை. கும்பிடக்கூட இல்லை. பிளந்த வாய் மூடாமல் நின்றான். மூட்டை மேல் வாட்ச்மேனின் கை பட்ட அந்த நேரத்தில், பின்னாலிருந்து குழந்தை இருமியது. ஒரே ஒரு இருமல். பாதியில் யாரோ வாயைப் பொத்திவிட்டார்கள்.

ஆபீசர் நிமிர்ந்தார். "என்ன அது?"

ஜட்ஜம்மாவின் உதவித்தொகை அந்த மூட்டைக்குப் பின்னால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 'குழந்தை சார்' என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது.

"பூனை சார்," என்றார் வாட்ச்மேன்.

பழக்கத்தில் சொன்னாரா இரக்கத்தில் சொன்னாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது. சொல்லிவிட்டு, மகளின் படிப்பைத் தன் வாயாலேயே இரண்டாவது தடவை கொன்றுவிட்டோம் என்று உணர்ந்து, மூட்டையைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"பூனை இருமுமா?" என்றார் ஆபீசர்.

"இந்தத் தூசில எதுவும் இருமும் சார்."

ஆபீசருக்கே அப்போது இருமல் வந்தது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். பிறகு புது வாட்ச்மேனைப் பார்த்தார். வெறுமையான தரையைப் பார்த்தார். தண்ணீர் தெளித்துப் பெருக்கிய கோடுகள் இன்னும் ஈரமாக இருந்தன. எத்தனை கட்டடத்தில் இதே பதிலைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, குரல் இறங்கிவிட்டது.

"பெரியவரே. அன்னிக்கு நான் வந்தப்போ எத்தன பூனை இருந்துச்சு?"

வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு சார். நான் கேட்ல நின்னேன். உள்ள ரெண்டு. ஒண்ணு என் சம்சாரம். இன்னொண்ணு..." சாலைப் பக்கம் கையைக் காட்டினார். "இன்னொண்ணு என் பொண்ணு சார். சூட்டு மூடியக் கையால அமுக்கிக்கிட்டு, சத்தம் வரக் கூடாதுன்னு உக்காந்திருந்துச்சு சார். இந்த ஊர்லயே மொதலா வந்த பொண்ணு சார்."

ஆபீசர் காகிதத்தைச் சுவரில் வைத்து எழுதினார். நிறைய எழுதினார். முடித்ததும், வாட்ச்மேனுக்குக் கேட்கும்படி ஒரு வரியை மட்டும் படித்தார். "மனுதாரரும் பெற்றோரும், மூவரும், இவ்வூர் எல்லைக்குள் இங்கே குடியிருந்து வருகிறார்கள்." பிறகு, "மத்தியானத்துக்குள்ள பட்டியல்ல சேர்த்துடுவேன். இதுக்கு மேல யாரும் வர மாட்டாங்க," என்றார்.

போகும்போது புது வாட்ச்மேன் பக்கத்தில் நின்றார்.

"நான் கெளம்பிட்டேன். இனிமே இருமலாம்னு உள்ள சொல்லு," என்றார்.

வாட்ச்மேன் சாலையைக் கடந்து வந்தார். மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மனைவி மெத்தை மேல் உட்கார்ந்தபடியே அவர் முகத்தைத் துழாவினாள்.

"என்னங்க? சொல்லித் தொலைங்களேன்!"

"எழுதிட்டாரு," என்றார். "நாம இருக்கோம்னு எழுதிட்டாரு."

மனைவி வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. பதினெட்டு வருஷமாக அவள் அழுததெல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பக்கத்து மனைக்காரர்களுக்குக் கேட்டுவிடாமல் அழுததுதான். இப்போது, பட்டப்பகலில், நடுத்தெருவில், அடுப்புக்கும் வாளிக்கும் நடுவில் உட்கார்ந்து, தொண்டை கிழிய அழுதாள். மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. யார் என்று பார்த்தார்கள். மகள் அம்மாவின் வாயைப் பொத்தப் போகவில்லை.